ஸ்பிளிட்டில் கார் சாவியைக் கொடுத்துவிடுங்கள்: குரோஷியாவில் மூன்று வாரம்

குரோஷியாவுக்கு மூன்று வாரம் போகத் தீர்மானித்தவர்களின் திட்டங்களைப் பார்த்தால், பெரும்பாலானவற்றில் ஒரே கோளாறுதான் இருக்கும். ஜாக்ரெப்பில் இறங்கியதும் விமான நிலையத்திலேயே கார் எடுப்பது, ப்ளிட்விட்ஸே ஏரிகள், ஜடார், ஸ்பிளிட், இரண்டு மூன்று தீவுகள், டுப்ரோவ்னிக் என்று தெற்கே இறங்குவது, பிறகு அதே காரில் 600 கிலோமீட்டர் திரும்பி வந்து ஜாக்ரெப்பில் விமானம் ஏறுவது. போக வர டிக்கெட் ஒரே ஊருக்கு எடுத்தால் மலிவு, கார் இருந்தால் சுதந்திரம் என்ற இரண்டு நம்பிக்கைகள்தான் இந்தத் திட்டத்தைத் தாங்குகின்றன. முதலாவது இந்த நாட்டுக்குச் சரிவராது. இரண்டாவது பாதி வழிவரை மட்டும் உண்மை. அந்தப் பாதி வழி எங்கே முடிகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் மீதித் திட்டம் தானாக ஒழுங்குக்கு வந்துவிடும்.

நாட்டின் வடிவத்தைப் பாருங்கள். வடக்கே உள்நாட்டு நிலம் அகன்று கிடக்கிறது. அங்கிருந்து கடற்கரை தென்கிழக்காக நீண்டு, டுப்ரோவ்னிக் பக்கம் வரும்போது மலைக்கும் கடலுக்கும் நடுவே சில கிலோமீட்டர் அகலத்துக்குக் குறுகிவிடுகிறது. இப்படி ஒரு முனையில் போய் முடியும் நாட்டில் வட்டமடித்துப் பயனில்லை. ஜாக்ரெப்பில் இறங்கி டுப்ரோவ்னிக்கில் ஏறுங்கள். இரண்டு ஊருக்கும் தனித்தனியாக டிக்கெட் தேடாமல், 'பல நகரங்கள்' என்ற தேர்வில் ஒரே டிக்கெட்டாகத் தேடினால் விலை பெரும்பாலும் கட்டுப்படியாகும். சற்றுக் கூடுதலானாலும் திரும்பி வரும் ஒரு நாள், ஒரு இரவுத் தங்கல், பெட்ரோல், சுங்கம் எல்லாம் மிச்சம். ரயிலை நம்பித் திட்டம் போட முடியாது. ஜாக்ரெப்பிலிருந்து ஸ்பிளிட்டுக்குப் பகல் ரயில் ஆறு மணி நேரத்தில் போகிறது, ஆனால் டுப்ரோவ்னிக்குக்கு ரயில் பாதையே இல்லை.

இந்தியப் பாஸ்போர்ட்டில் போகிறவர்களுக்கு விசா விஷயத்தில் ஒன்றைச் சொல்லவேண்டும். 2023 ஜனவரி 1 முதல் குரோஷியா, ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகவிடும் ஷெங்கன் பகுதியிலும் இருக்கிறது, யூரோவிலும் இருக்கிறது. அதற்கு முன் எழுதப்பட்ட பயணக் குறிப்புகளில் வரும் குனா நாணயம், தனி விசா இரண்டும் இப்போது பொருந்தாது. விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து கொடுக்கலாம். 15 நாளுக்குக் குறைவாக இருந்தால் வாங்கமாட்டார்கள். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்கவேண்டும். மோஸ்தார், கோட்டோர் பார்க்கும் எண்ணம் இருந்தால் பலமுறை நுழைவு விசா கேளுங்கள். மோஸ்தார் இருப்பது போஸ்னியாவில், கோட்டோர் மாண்டினீக்ரோவில். இரண்டும் ஷெங்கனுக்கு வெளியே. ஒருமுறை நுழைவு விசாவில் காலையில் மோஸ்தார் போனவர் மாலையில் ஸ்பிளிட்டில் இருக்கும் தன் பெட்டியிடம் திரும்பி வர முடியாது.

ஏரிகளில் இரண்டு இரவு

ஜாக்ரெப்புக்கு இரண்டு இரவு போதும். மேல் நகரம், டோலாட்ஸ் சந்தை, ஒரு தட்டு சூடான ஷ்ட்ரூக்லி (பாலாடைக்கட்டி வைத்த மாவுப் பண்டம்), இவற்றோடு பயணக் களைப்பும் தீர்ந்துவிடும். 2020 மார்ச் 22 நிலநடுக்கத்தில் அடிபட்ட கதீட்ரலைச் சுற்றி இன்னும் பழுதுபார்ப்பு நடக்கிறது. காரை இறங்கிய அன்றே எடுக்காதீர்கள். நகரத்துக்குள் டிராம் இருக்கிறது, நிறுத்த இடம் தேடும் காசும் வீண். மூன்றாம் நாள் காலை எடுத்தால் போதும். வாடகைக் கார்களில் பெரும்பாலானவை கியர் போட்டு ஓட்டுபவை. நம் ஊரில் ஓட்டியவருக்கு அங்கே கியர் வலக்கையில் வரும், சாலையும் வலப்பக்கம். ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் மாதக்கணக்கில் முன்பே பதிவு செய்யவேண்டும். பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும், ஓட்டுபவர் பெயரிலேயே ஒரு கிரெடிட் கார்டும் கட்டாயம் கையில் இருக்கட்டும். டெபிட் கார்டைக் காட்டி முன்பணம் கட்ட முயன்று, கவுன்டரிலேயே சாவி கிடைக்காமல் நிற்பவர்கள் நிறையப் பேர்.

ப்ளிட்விட்ஸே ஜாக்ரெப்பிலிருந்து 130 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். பெயர் பெற்ற 16 ஏரிகள் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக இறங்கி வருகின்றன. மேலே 12, கீழே பள்ளத்தாக்கில் 4. தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு, பாசியின் மேலும் விழுந்த கிளைகளின் மேலும் படிந்து படிந்து அணையாகிறது. அந்த அணைதான் ஏரியைத் தாங்கி நிற்கிறது, அதே அணையின் விளிம்பில்தான் அருவியும் கொட்டுகிறது. அணை வளர்ந்துகொண்டே இருப்பதால் அருவிகளும் இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன. குளிக்கத் தடை இருப்பதும் இந்தப் படிவு கெடக்கூடாது என்பதற்காக. நடைபாதை, பிளந்த மரக்கட்டைகளை நெருக்கி அடுக்கியது. பெரும்பகுதியில் கைப்பிடி கிடையாது, கட்டை இடுக்குகளில் கீழே தண்ணீர் ஓடுவது தெரியும். மழை பெய்தால் அந்தக் கட்டை எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும். ரப்பர் அடிப்பாகம் கெட்டியாக உள்ள செருப்பில்லாமல் இறங்காதீர்கள். குழந்தை வண்டி உருட்ட வழியில்லை.

டிக்கெட்டை இணையத்தில் நாளும் மணியும் குறித்து வாங்கவேண்டும். எந்த நுழைவாயில் என்பதையும் அப்போதே தேர்வு செய்யவேண்டும். கோடையில் 40 யூரோ, ஏப்ரல், மே, அக்டோபரில் அதில் பாதியை ஒட்டி. படகும் உள்ளே ஓடும் வண்டியும் இதில் அடங்கும். இரண்டாம் நுழைவாயிலிலிருந்து தொடங்கும் 'ஹெச்' பாதையைத்தான் எல்லோரும் பரிந்துரைக்கிறார்கள். வண்டி மேலே கொண்டுபோய் விடும், பிறகு ஏரிகளோடு சேர்ந்து கீழே இறங்கி, கோஸ்யாக் ஏரியைப் படகில் கடந்து, கடைசியில் 78 மீட்டர் உயரப் பெரிய அருவியைப் பார்க்கலாம். கால் வலி குறைவு என்பது உண்மை. ஆனால் காலை எட்டு மணிக்கு இப்படித் தொடங்கினால் கீழ் ஏரிகளுக்கு வந்து சேரும்போது உச்சி வேளை. ஸ்பிளிட்டிலிருந்தும் ஜாக்ரெப்பிலிருந்தும் வந்த சுற்றுலாப் பேருந்துகள் ஆட்களை இறக்கி முடித்திருக்கும். குறுகலான பள்ளத்தாக்கில் கட்டைப் பாதையில் ஒரு அடி நகர ஒரு நிமிடம் ஆகும். படகுத் துறையிலும் வரிசை.

பக்கத்திலேயே தங்குபவர்கள் இதைத் தலைகீழாகச் செய்யலாம். முதலாம் நுழைவாயிலில் திறக்கும் மணிக்கே நுழைந்து 'சி' பாதையில் போங்கள். பெரிய அருவியும் கீழ் ஏரிகளும் முதல் ஒன்றரை மணி நேரத்தில் ஏறக்குறைய உங்களுக்கே. பிறகு படகேறி மேல் ஏரிகளுக்குப் போய்விட்டால் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் இருப்பீர்கள். மேல் ஏரிகள் அகலமானவை, ஆட்கள் வந்தாலும் பரந்துவிடுவார்கள். ஏற்றம் கொஞ்சம் இருக்கிறது, அது பெரிய விலை இல்லை. மொத்தம் எட்டு கிலோமீட்டர், ஐந்து ஆறு மணி நேரம். இதற்காகத்தான் இரண்டு இரவு கேட்கிறேன். முதல் நாள் மாலை வந்து தூங்கி, விடியலில் போய், அன்றும் அங்கேயே தூங்குவது. முதலாம் நுழைவாயிலுக்கு ரஸ்டோவாச்சா கிராமம் நடை தூரம், இரண்டாம் நுழைவாயிலுக்கு முக்கின்யே, யெசெர்ட்ஸே.

சுரங்கத்துக்கு அந்தப் பக்கம்

ப்ளிட்விட்ஸேயிலிருந்து கடலுக்கு இறங்கும் வழியில் ஏ1 நெடுஞ்சாலை வெலெபிட் மலையை 5,679 மீட்டர் நீளமுள்ள ஸ்வெட்டி ரோக் சுரங்கத்தால் துளைத்துப் போகிறது. நுழையும் பக்கம் மேகமும் ஈரமும் பைன் காடும். வெளியே வந்ததும் வெள்ளைப் பாறை, வறண்ட புதர், கீழே கடல், கண் கூசும் வெயில். பல சமயம் வெப்பநிலை பத்து டிகிரி மாறியிருக்கும். இந்த மலைதான் பூரா என்ற காற்றையும் தருகிறது. உள்நாட்டில் தேங்கும் குளிர் காற்று மலை முகட்டைத் தாண்டிக் கடலை நோக்கிச் சரியும்போது வேகமெடுக்கிறது. அது பலமாக வீசும் நாளில் இந்தச் சுரங்கத்தை ஒட்டிய பகுதியில் முதலில் மோட்டார் சைக்கிளையும் உயரமான வண்டிகளையும் நிறுத்துவார்கள், பிறகு எல்லா வண்டிகளையும். குளிர்காலத்தில் அடிக்கடி, கோடையில் அபூர்வம். ஆனாலும் ஏப்ரல், அக்டோபரில் போகிறவர்கள் அன்று காலைச் சாலை நிலவரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

ஜடாரில் மூன்று இரவு. கடலோரப் படிக்கட்டுக்கு அடியில் குழாய்களைப் பதித்து, அலை தள்ளும் காற்றால் ஒலிக்கும்படி நிகோலா பாஷிச் 2005-இல் அமைத்த கடல் ஆர்கன் இங்கே. படகுகள் கடந்துபோன சில நிமிடங்களுக்குச் சுருதி கனத்துவிடும், அதைக் காத்திருந்து கேளுங்கள். ஒரு நாளை பாக்லெனிட்ஸா தேசியப் பூங்காவுக்கு ஒதுக்கலாம். ஸ்டாரிகிராட் கிராமத்திலிருந்து பள்ளத்தாக்குக்குள் நேராக நடந்துவிடலாம், நிழலும் உண்டு. பல திட்டங்களில் இந்தப் பூங்கா இடம்பெறுவதே இல்லை. ப்ளிட்விட்ஸேயைப் பார்த்துவிட்டு அருவி போதும் என்று தோன்றும்போது செங்குத்துப் பாறை மதில்கள் நடுவே நடப்பது வேறு உலகம்.

அடுத்து ஷிபெனிக், இரண்டு இரவு. செங்கல்லும் மரமும் சேர்க்காமல் கல்லை மட்டும் கோத்து 1431 முதல் 1535 வரை கட்டிய புனித யாக்கோபு கதீட்ரல் ஊருக்குள். கிர்கா தேசியப் பூங்கா பக்கத்தில். கிர்காவில் அருவிக்கடியில் குளிக்கும் படங்கள் இணையத்தில் இன்னும் சுற்றுகின்றன. ஸ்க்ராடின்ஸ்கி புக் அருவியில் 2021 ஜனவரி 1 முதல் குளிக்கத் தடை. நீச்சலுடை மாட்டிக்கொண்டு போய் ஏமாறாதீர்கள். லோஸோவாட்ஸ் வாயிலில் கார் நிறுத்தப் பெரிய இடம் இருப்பதால் கூட்டமும் அங்கேதான். ஸ்க்ராடின் ஊரிலிருந்து படகில் ஆற்றை எதிர்த்து உள்ளே போவது அழகு, அந்தப் படகும் டிக்கெட்டில் அடக்கம். உச்சப் பருவத்தில் இதுவும் 40 யூரோ. குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இரண்டு பூங்காவும் சேர்ந்து பெருந்தொகையாகிவிடும். ஒன்றைத்தான் தேர்வு செய்யமுடியும் என்றால் தயங்காமல் ப்ளிட்விட்ஸே.

கார் சுமையாகும் இடம்

ஷிபெனிக்கிலிருந்து ஸ்பிளிட்டுக்கு வரும் வழியில் ட்ரோகிர். அதைத் தாண்டியதும் ஸ்பிளிட் விமான நிலையம். மூன்று வாரத் திட்டத்தின் நடு முடிச்சு இந்த இடம்தான். காரை இங்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, விமான நிலையப் பேருந்தில் ஏறினால் ஸ்பிளிட் பேருந்து நிலையத்தில் இறக்கிவிடும். பேருந்து நிலையம், ரயில் நிலையம், கப்பல் துறை மூன்றும் ஒரே துறைமுகச் சாலையில் வரிசையாக இருக்கின்றன. அங்கிருந்து டயோக்ளீஷியன் அரண்மனை பத்து நிமிட நடை. வேறு ஊரில் திருப்பிக் கொடுப்பதற்கு ஒரு கட்டணம் இருக்கும், முன்பதிவு செய்யும்போதே மொத்தத் தொகையில் அதைச் சேர்த்துப் பாருங்கள். நாட்டுக்குள்ளேயே கொடுப்பதால் அது தாங்கக்கூடியதாகத்தான் இருக்கும்.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதற்கு ஹ்வார், கோர்ச்சுலா இரண்டு தீவுகளே சாட்சி. ஆட்களை மட்டும் ஏற்றும் கேடமரான் படகில் ஹ்வார் நகரத்திலிருந்து கோர்ச்சுலா நகரத்துக்கு ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம். காரோடு போகவேண்டுமானால் இந்த இரண்டு தீவுகளுக்கும் நடுவே நேரடிக் கார் ஃபெர்ரி கிடையாது. ஹ்வார் நகரத்திலிருந்து தீவின் கிழக்கு முனையான சுச்சுராய்வரை குறுகலான வளைவுச் சாலையில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டவேண்டும். அங்கே வரிசையில் நின்று ட்ர்வெனிக்குக்கு ஒரு ஃபெர்ரி. கரையில் இறங்கி ப்ளோச்செவரை ஓட்டம். ப்ளோச்செயிலிருந்து டிர்பான்யுக்கு ஒரு மணி நேர ஃபெர்ரி. பெல்யெஷாட்ஸ் தீபகற்பத்தைக் குறுக்கே தாண்டி ஒரேபிச். ஒரேபிச்சிலிருந்து தோமின்ச்செவுக்கு மூன்றாவது ஃபெர்ரி. ஒன்றைத் தவறவிட்டாலும் அடுத்தது தள்ளிப்போகும். ஒரு முழுப் பகல், மூன்று முறை கார் கட்டணம். முடிவில் கோர்ச்சுலா பழைய நகரத்துக்குள் காரை விடமாட்டார்கள். ஹ்வாரிலும் அப்படியே, டுப்ரோவ்னிக்கிலும் அப்படியே. இனி போகிற ஊர்களில் எல்லாம் கார், காசு கொடுத்து நிறுத்தி வைக்கும் ஒரு பொருள்.

இரண்டு வகைக் கப்பலுக்கும் டிக்கெட் முறை வேறு. கார் ஃபெர்ரிக்கு வாங்கும் டிக்கெட், பல தடங்களில், குறிப்பிட்ட நேரத்துக் கப்பலில் இடம் உண்டு என்ற உறுதியைத் தராது. வரிசையில் முன்னால் நிற்பவருக்கு இடம். ஜூலை, ஆகஸ்ட் சனிக்கிழமைகளில் வரிசை கண்ணுக்கெட்டிய தூரம் போகும், ஏனென்றால் வாராந்திர வாடகை வீடுகள் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை கை மாறுகின்றன. கேடமரானில் டிக்கெட் குறிப்பிட்ட புறப்பாட்டுக்கு மட்டும். இடம் தீர்ந்தால் தீர்ந்ததுதான், கோடையில் சில நாள் முன்பே தீரும். அரை மணி நேரம் முன்னால் போய் நில்லுங்கள். பெட்டியை நீங்களே ஏற்றி, நுழைவுக்கருகே குவியலில் வைக்கவேண்டும். நீங்கள் இறங்கும் துறையில் படகு நிற்பது சில நிமிடங்கள்தான். அடியில் சிக்கிய பெட்டியை அப்போது உருவி எடுப்பது சிரமம் என்பதால், படகு வேகம் குறைக்கும்போதே எழுந்து போய்விடுங்கள். சிறிய பெட்டி இங்கே பெரிய வரம்.

ஸ்பிளிட்டில் மூன்று இரவு. அடுத்த மூன்று இரவுக்கு ஹ்வார் அல்லது விஸ். ஹ்வார் நகரம் அழகானது, கூட்டமானது, விலை கூடியது. விஸ் கரையிலிருந்து தள்ளி இருக்கிறது. 1980களின் கடைசிவரை ராணுவத் தளமாக இருந்து வெளிநாட்டவருக்கு மூடப்பட்டிருந்ததால் கட்டடப் பெருக்கம் குறைவு. எனக்குக் கேட்டால் விஸ். ஆனால் விஸ்ஸிலிருந்து தெற்கே போக ஸ்பிளிட்டுக்குத் திரும்பி மாறவேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். பிறகு கோர்ச்சுலாவில் மூன்று. கோர்ச்சுலாவுக்கும் டுப்ரோவ்னிக்குக்கும் நடுவே உள்ள ம்ல்யெட் தீவில், தேசியப் பூங்காவின் இரண்டு உப்புநீர் ஏரிகளில் குளிக்கத் தடையில்லை. கேடமரான் நிற்கும் பொமெனா துறையிலிருந்து ஏரிக்கு நடந்தே போகலாம். கோர்ச்சுலாவில் ஒரு இரவைக் குறைத்து அங்கே தூங்கினால் பகல் கூட்டம் போனபின் ஏரி அமைதியாகிவிடும். இந்தக் கரையில் கடற்கரை என்றால் பெரும்பாலும் கூழாங்கல், பாறை. கடல் முள்ளெலி காலில் குத்தாமலிருக்கத் தண்ணீருக்குள் போடும் ரப்பர் செருப்பு எல்லாக் கடற்கரைக் கடைகளிலும் கிடைக்கும்.

கேடமரானின் பலவீனம் காற்று. யூகோ என்ற ஈரமான தென்கிழக்குக் காற்று இரண்டு மூன்று நாள் வீசி அலையைப் பெரிதாக்கினால் புறப்பாடு ரத்தாகும். பணம் திரும்பக் கிடைக்கும், போன இரவு கிடைக்காது. அதனால் தீவிலிருந்து நேராக விமான நிலையம் என்று ஒருபோதும் திட்டமிடாதீர்கள். கடைசி மூன்று இரவும் டுப்ரோவ்னிக்கில் இருக்கட்டும். கோர்ச்சுலாவிலிருந்து மாற்று வழியும் உண்டு. ஒரேபிச் ஜலசந்தி குறுகலானது, அந்தச் சிறு ஃபெர்ரி பெரும்பாலும் ஓடும், டுப்ரோவ்னிக் பேருந்து அதிலேயே ஏறிக் கடந்து பெல்யெஷாட்ஸ் வழியாகப் போய்விடும். ஸ்பிளிட்டிலிருந்து தரைவழியாக வருபவர்களுக்கும் ஒரு பெரிய தொல்லை ஒழிந்தது. முன்பு நேயும் என்ற இடத்தில் போஸ்னியாவின் கடலோரத் துண்டைக் கடக்க இரண்டு எல்லைச் சோதனை. 2022 ஜூலையில் 2,404 மீட்டர் நீளமுள்ள பெல்யெஷாட்ஸ் பாலம் திறந்தபின் நாட்டுக்குள்ளேயே வந்துவிடலாம். ஒருமுறை நுழைவு விசா வைத்திருப்பவர்கள் பேருந்து பாலத்தின் வழியாகத்தான் போகிறதா என்று கேட்டுக்கொண்டு ஏறுங்கள்.

டுப்ரோவ்னிக்கும் முன்பதிவு வரிசையும்

டுப்ரோவ்னிக் பழைய நகரத்துக்குள் தங்குவது ஆசையாகத்தான் இருக்கும். வண்டி நுழையாது, தங்குமிடங்கள் பெரும்பாலும் செங்குத்துப் படிக்கட்டுச் சந்துகளில். நூறு படி பெட்டியைத் தூக்க முடியாதவர்கள் லாபாட் அல்லது கேடமரான் வந்து சேரும் குருஷ் பகுதியில் தங்கி நகரப் பேருந்தில் பீலே வாயிலுக்கு வரலாம். மதில் சுற்று 1,940 மீட்டர், நிழல் இல்லை, ஒரே திசையில்தான் நடக்கவேண்டும். காலை திறந்ததும் ஏறுங்கள். சொகுசுக் கப்பல்களின் கூட்டம் ஒன்பது மணிக்குமேல் வந்துவிடும். மேலிருந்து பார்த்தால் கூரை ஓடுகள் இரண்டு நிறமாகத் தெரியும். வெளிறிய ஓடுகள் பழையவை, பளிச்சென்ற ஆரஞ்சு ஓடுகள் 1991-92 முற்றுகையில் உடைந்தவற்றுக்குப் பதிலாக வேய்ந்தவை. எந்தத் தெருவில் எவ்வளவு சேதம் என்று அந்த நிறமே காட்டிவிடும். மதில் டிக்கெட்டைத் தனியாக வாங்குவதற்கு முன் டுப்ரோவ்னிக் பாஸ் விலையையும் பாருங்கள். ஒரு நாள் பாஸ் அதே விலையை ஒட்டியே இருக்கும், மதிலோடு அருங்காட்சியகங்களும் நகரப் பேருந்தும் அதில் சேரும்.

கூட்டிப் பார்த்தால் ஜாக்ரெப் 2, ப்ளிட்விட்ஸே 2, ஜடார் 3, ஷிபெனிக் 2, ஸ்பிளிட் 3, முதல் தீவு 3, கோர்ச்சுலா 3, டுப்ரோவ்னிக் 3. மொத்தம் 21 இரவு. படுக்கை மாறும் நாளில் அரை நாள் போய்விடும், ஆகவே இதற்குமேல் ஒரு ஊரைச் சேர்க்க ஆசைப்பட்டால் இன்னொன்றை எடுத்துவிடுங்கள். ரோவின், பூலா இருக்கும் இஸ்ட்ரியா அழகான பகுதிதான். ஆனால் அது எதிர்த்திசையில் வடமேற்கு மூலையில் இருக்கிறது, இந்தப் பயணத்தில் திணிக்காதீர்கள். மாதம் என்றால் செப்டம்பர். கடல் இன்னும் சூடாக இருக்கும், கோடைகாலக் கப்பல் அட்டவணையும் பெரும்பாலும் ஓடும். அக்டோபருக்குள் பல தடங்கள் குறைந்துவிடும்.

சைவம் சாப்பிடுபவர்கள் பட்டினி கிடக்கவேண்டியதில்லை. பிளிட்வா என்று கேட்டால் கீரையும் உருளைக்கிழங்கும் பூண்டும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்து வெந்த தட்டு வரும். ஸ்பிளிட் பக்கம் சோபார்னிக், கீரை வைத்த மெல்லிய ரொட்டி. பேக்கரிகளில் புரெக் வாங்கும்போது பாலாடைக்கட்டி வைத்ததா என்று கேளுங்கள், இறைச்சி வைத்ததும் அதே உருவில் பக்கத்திலேயே இருக்கும். சனிக்கிழமை மாலையே ஞாயிற்றுக்கிழமைக்கான பாலும் பழமும் வாங்கி வைத்துவிடுங்கள். 2023 முதல் கடைகள் ஆண்டுக்கு 16 ஞாயிறு மட்டும் திறக்கலாம் என்று சட்டம். குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாம்.

முன்பதிவை இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் ஜாக்ரெப்பில் இறங்கி டுப்ரோவ்னிக்கில் ஏறும் விமானம், ரத்து செய்யக்கூடிய தங்குமிடங்கள். இவற்றை வைத்து விசா. விசா கைக்கு வந்தபின் கார். அதன்பிறகு கேடமரான் நேரங்கள் வெளியாகும்வரை காத்திருந்து, அவற்றுக்கேற்பத் தீவுகளின் தேதிகளை ஒரு நாள் இரண்டு நாள் முன்பின்னாக நகர்த்துங்கள். தங்குமிடம் ரத்து செய்யக்கூடியதாக இருக்கவேண்டும் என்பது இதற்காகத்தான். ப்ளிட்விட்ஸே டிக்கெட்டைக் கடைசியில் வாங்கலாம், ஆனால் முதல் மணி நேரத்து இடங்கள்தான் முதலில் தீரும்.